நீதிமன்றம் காலியான பிறகு கூரையை யார் பார்ப்பது? ஸ்காட்லாந்தின் பழைய கவுண்டித் தலைநகரங்களை ஆளும் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின்) தலைநகரங்களில் உள்ள நகர மன்றங்கள், நீதிமன்றங்கள், கவுண்டி அலுவலகங்கள் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருக்கும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் கட்டடப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கல், சுண்ணாம்பு, கூரை, பழைய பத்திரங்கள் என்று இவற்றோடேயே புழங்குகிறவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பழைய வேலை போய்ப் புதிய வேலை இன்னும் வராத இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தக் கட்டடங்களைக் கைவிட்டுவிடாதீர்கள். அடுத்து இதை என்னவாக மாற்றலாம் என்று ஆராய ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, கட்டடம் காலியான முதல் குளிர்காலத்துக்கு முன்பே கூரைக்கும் மழைநீர்க் குழாய்களுக்கும் செலவிடுங்கள். நல்ல கல் கட்டடம் முந்நூறு ஆண்டு மழையைத் தாங்கும். அடைத்துக்கொண்ட ஒரே ஒரு குழாயைப் பத்து ஆண்டு கூடத் தாங்காது.

இப்படிக் காலியானவை கொஞ்சமல்ல. 1975 மே 16 அன்று ஸ்காட்லாந்தின் கவுண்டி மன்றங்களும் பர்க் எனப்படும் நகர மன்றங்களும் ஒரே நாளில் இல்லாமல் போயின. அலுவலகங்கள் பெரிய ஊர்களுக்குப் போயின. ஷெரிஃப் நீதிமன்றங்கள் எனப்படும் வட்டார நீதிமன்றங்கள் மட்டும் பல ஊர்களில் மிஞ்சியிருந்தன. 2013க்கும் 2015க்கும் இடையில் அவற்றிலும் பத்து மூடப்பட்டன: டோர்னோக், டன்ஸ், கர்க்கூப்ரி, ராத்சே, கூப்பர், டிங்வால், ஆர்ப்ரோத், ஹாடிங்டன், பீபிள்ஸ், ஸ்டோன்ஹேவன். இவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஒரு கவுண்டிக்கே தலைநகராக இருந்த ஊர்கள். லின்லித்கோவில் இது முன்பே நடந்துவிட்டது. 2009இல் அதன் நீதிமன்றம் லிவிங்ஸ்டனுக்கு மாறியது. 1962இல் புதுநகராக அறிவிக்கப்பட்ட ஊர் அது. பல நூற்றாண்டு உரிமையை ஐம்பதே ஆண்டுகளில் அது வாங்கிக்கொண்டது.

லின்லித்கோவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு கவுண்டித் தலைநகர் எப்படி அடுக்கடுக்காக வளர்ந்தது என்பதை அதன் ஒரே நெடுந்தெருவில் நடந்தபடி படித்துவிடலாம். அந்த அடுக்குகளைத் தெரிந்துகொள்ளாமல் பழுதுபார்க்கப் போனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது பிடிபடாது.

எடின்பரோவிலிருந்து ஸ்டர்லிங் போகும் வழியில், ஏரிக்கரையில் இருக்கிறது ஊர். 1424 தீ விபத்துக்குப் பின் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அரண்மனை வேலையைத் தொடங்கினார். ஊர் மையத்தில் டோல்பூத் இருந்தது. சுங்கம் வாங்கும் இடம், மன்றம், நீதிமன்றம், சிறை எல்லாமே அந்த ஒரு கூரைக்குக் கீழ்தான். 1650இல் இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை அதை இடித்தது. இப்போது நாம் பார்ப்பது 1668 முதல் 1670 வரை ஜான் ஸ்மித் என்ற கல்தச்சர் எழுப்பிய நகர மன்றம். 1847இல் அதிலும் தீப்பிடித்தது. அடுத்த ஆண்டே சீர்செய்தார்கள். முகப்பில் இருபக்கமும் ஏறும் படிக்கட்டு 1670ஐச் சேர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பழைய படிக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் இரும்பாலான முகமண்டபம் வந்தது. அதையும் கழற்றி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி படிக்கட்டு கட்டினார்கள். ஆகவே ஒரே முகப்பில் மூன்று நூற்றாண்டுகளின் கல்லும் சாந்தும் அடுத்தடுத்து இருக்கின்றன. முகப்பு முழுவதற்கும் ஒரே கலவை என்று எழுதும் ஒப்பந்தம் தொடக்கத்திலேயே தவறு.

மன்றத்துக்கு எதிரே 'கிராஸ் வெல்' என்ற கிணறு. 1628ஆம் ஆண்டுக் கிணற்றின் மாதிரியில் 1807இல் செதுக்கிய பிரதி அது. 'கிளாஸ்கோவுக்கு மணி, லின்லித்கோவுக்குக் கிணறு' என்ற பழமொழியே உண்டு. கொஞ்சம் தள்ளி 1720இல் அமைத்த இன்னொரு கிணற்றில், புனித மைக்கேல் அந்நியரிடம் அன்பானவர் என்று பழைய எழுத்துக்கூட்டலில் பொறித்திருக்கிறது. நகரின் பொதுச் சொத்து என்று பேசும்போது நம் நினைப்பு கட்டடங்களோடு நின்றுவிடுகிறது. இந்தக் கிணறுகளும் அந்தப் பட்டியலில் வரவேண்டும்.

அடுத்த அடுக்கு கவுண்டியுடையது. ஷெரிஃப் நீதிமன்றங்கள் கட்டுவதற்காக 1860இல் தனிச்சட்டம் வந்தது. மூன்றே ஆண்டில் பிரவுன் அண்ட் வார்ட்ராப் நிறுவனத்தின் வடிவமைப்பில் லின்லித்கோ நீதிமன்றம் எழுந்தது. 1570 ஜனவரி 23 அன்று, ஸ்காட்லாந்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த மோரே பிரபு, ஜன்னல் வழியே துப்பாக்கியால் சுடப்பட்டது இந்தத் தெருவில்தான். நீதிமன்றச் சுவரில் இருக்கும் வெண்கலப் பலகை அதைச் சொல்கிறது. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி மன்றம் வந்தது. 1930களின் நடுவில் அது தனக்கெனப் பெரிய அலுவலகம் கட்டத் தொடங்கியது. அங்கே குடியேறி ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டில் கவுண்டி மன்றமே இல்லாமல் போயிற்று.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. ஒரே தெருவில் இருக்கும் இந்த மூன்று கட்டடங்களுக்கும் சட்டத்தில் வெவ்வேறு பிறப்பு. நகர மன்றம் பர்க்கின் சொத்து. கவுண்டி அலுவலகம் கவுண்டியின் சொத்து. நீதிமன்றம் வேறொரு நிர்வாகத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. இதில் ஊராரின் பொது நன்மைக்கென வைத்திருக்கும் 'பொது நன்மைச் சொத்து' என்ற பழைய ஸ்காட்டிஷ் உரிமை பர்க்கின் வழியாக வந்த சொத்துக்கு மட்டுமே பொருந்தும். 1491ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது. அப்படிப்பட்ட சொத்தை நினைத்தபடி விற்க முடியாது. விற்கும் உரிமையில் ஐயம் எழுந்தால் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: இந்தச் சொத்துகளுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், விற்பதற்கோ பயன்பாட்டை மாற்றுவதற்கோ முன்னால் விவரத்தை வெளியிட்டு ஊராரின் கருத்தைக் கேட்க வேண்டும்.

இங்கே வழக்கமாக எது தவறுகிறது? பதிவேடு எழுதும்போது, மன்றங்கள் மறுபடி மாற்றியமைக்கப்பட்ட 1996க்குப் பிந்தைய சொத்துப் பட்டியலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு ஒரு கட்டடம் யாரிடமிருந்து வந்தது என்பது தெரியாது. பர்க் மன்றத்தின் தீர்மானப் புத்தகத்திலிருந்தும் பழைய நில ஆவணத்திலிருந்தும் தொடங்குங்கள். நிலத்தை யார் பெயரில், எந்த நிதியில், எந்தச் சட்டத்தின் கீழ் வாங்கினார்கள் என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுதி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம் வையுங்கள். விற்பனை கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வி எழுந்தால் வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டார். கட்டடம் மறுபடி காலியாகத்தான் நிற்கும்.

உரிமை பற்றி இவ்வளவு போதும். இனி மழைக்கு வருவோம்.

காலியான கட்டடத்தில் முதலில் நிற்பது கணப்பு. அடுத்து நிற்பது நடமாட்டம். ஆள் நடமாடும் வரை சுவரில் ஈரக்கறை தெரிந்தால் யாராவது ஒருவர் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார். ஆளில்லாதபோது பார்ப்பவை புறாக்கள் மட்டும். அவற்றின் எச்சமும் கூடும்தான் குழாய்வாயை அடைக்கின்றன. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈயத்தகட்டு வாய்க்கால்தான் மிக ஆபத்தானது. அது நிரம்பினால் தண்ணீர் வெளியே வழியாது. உள்பக்கம் திரும்பி, உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்திலேயே இறங்கும். தெருவில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

ஆண்டுக்கு இரண்டு முறை, நவம்பர் இறுதியில் இலைகள் உதிர்ந்து முடிந்ததும், மறுபடி வசந்தத்திலும், வாய்க்கால்களைத் துப்புரவு செய்ய வேண்டும். வாரிப் போட்டால் வேலை முடிந்துவிடாது. ரப்பர் குழாய் வைத்து ஒவ்வொரு இறங்குகுழாயிலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, கீழே அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். மேலே போன தண்ணீர் கீழே வரவில்லை என்றால் அது சுவருக்குள்தான் போகிறது. வார்ப்பிரும்புக் குழாய்கள் பின்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும், அங்கே தூரிகை எட்டாது என்பதால். சிறு கண்ணாடியைக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். மாற்றும்போது இடையில் கட்டை கொடுத்து, சுவரிலிருந்து விரல் புகும் அளவாவது தள்ளிப் பொருத்துங்கள். சுவரில் செங்குத்தாகப் பச்சைக் கோடு இருந்தால் அதற்கு மேலே ஓட்டை இருக்கிறது என்று பொருள். பாசியைச் சுரண்டுவதால் எதுவும் தீராது.

ஈயத்தகடு வெடிப்பது பழசாகிப்போனதால் மட்டும் இல்லை. நீளமாக விரித்த தகடு வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, நகர இடமில்லாமல் கிழிகிறது. 6ஆம் எண் தகடு, அதாவது 2.65 மில்லிமீட்டர் கனமுள்ளது, வாய்க்காலில் ஒரு துண்டுக்கு 2.25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 8ஆம் எண்ணுக்கு 3 மீட்டர். துண்டுக்குத் துண்டு குறைந்தது 50 மில்லிமீட்டர் படி இறக்கம் வேண்டும். கிழிந்த நீளத் தகட்டை அதே நீளத்தில் புதிதாகப் போட்டால் அதே இடத்தில் மறுபடி கிழியும். துண்டுகளின் நீளத்தைக் குறைக்க வாய்க்காலின் மரத்தளத்தையே படிபடியாக மாற்ற வேண்டும். மதிப்பீட்டில் அந்தத் தச்சு வேலைக்கு இடம் வையுங்கள். அதை விட்டுவிடும் மதிப்பீடுதான் மலிவாகத் தெரிந்து டெண்டரை வெல்கிறது.

ஸ்லேட் எனும் மெல்லிய கல் ஓடு வேய்ந்த ஸ்காட்லாந்துக் கூரைக்கென்று தனி முறை இருக்கிறது. பலகைகளை நெருக்கமாக, நடுவில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் விட்டு அடித்து, அதன்மேல் ஒவ்வொரு ஸ்லேட்டையும் தலைப்பக்கம் ஒரே ஆணியில் தொங்கவிடுவார்கள். கீழ்வரிசைகளில் பெரியவை, மேலே போகப்போகச் சிறியவை. ஒற்றை ஆணி என்பதால் ஸ்லேட்டைப் பக்கவாட்டில் சுழற்றிக் கீழே உள்ளதைச் சரிபார்க்கலாம். பலகை இடைவெளி வழியே கூரை மூச்சு விடும். அந்த இடைவெளியைக் காற்றுப் புகாத தாளால் அடைத்தால் ஆணி துருப்பிடித்துப் பலகை மக்கும். ஸ்லேட் வெட்டிய பாலஹூலிஷ் குவாரி 1955இல் மூடப்பட்டது. ஆகவே கூரையைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கல்லும் திரும்பக் கிடைக்காத சரக்கு. விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் ஒதுக்குங்கள். நல்லவற்றை நீளவாரியாக அடுக்கி, தெருவிலிருந்து தெரியும் பக்கத்துக்கு வையுங்கள். பற்றாக்குறைக்கு வெளியிலிருந்து வாங்கும் புதுக் கல்லை அதே அளவு வரிசையில் பின்பக்கச் சரிவில் போடலாம்.

சுவருக்கு வந்தால் எங்கள் பெரிய மனக்குறை சிமெண்ட்தான். மணற்கல் சுவர் நனையும், காயும். சுண்ணாம்புச் சாந்தின் துளைகள் வழியாக ஈரம் வெளியே வந்துவிடும். தேய்வது சாந்து, பிழைப்பது கல். இணைப்புகளில் சிமெண்டை அடைத்தால் கதை தலைகீழாகிறது. சிமெண்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்து மழை உள்ளே போகும். வெளியே வர வழி கல்லின் முகம் மட்டும்தான். உப்பும் அங்கேதான் படியும், உறைபனியும் அங்கேதான் பிடிக்கும். சில பத்தாண்டுகளில் கல் செதில் செதிலாகப் பொரிந்து உள்வாங்கிவிட, சிமெண்ட் கோடுகள் மட்டும் சிலந்திவலை போல் துருத்திக்கொண்டு நிற்கும். இந்தக் காட்சியைக் காணாத கவுண்டி நகரம் ஸ்காட்லாந்தில் இல்லை.

சிமெண்டை எடுப்பதற்கும் அவசரம் கூடாது. வட்ட ரம்பத்தை வைத்தால் கல்லின் விளிம்பு போய், 5 மில்லிமீட்டர் இணைப்பு 15 ஆகிவிடும். உளியும் சுத்தியும் போதும். கல்லோடு இறுகப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும் சிமெண்டை அப்படியே விடுங்கள். தானாகத் தளரும்வரை பொறுப்பது கல்லைக் காக்கும். இணைப்பின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, தூசியை முழுவதும் எடுத்து, முந்தின நாளே சுவரை நனைத்துவிடுங்கள். சாதாரணச் சுவருக்கு 3.5 வகை நீர்ச்சுண்ணாம்பு (தண்ணீர் சேர்ந்தால் இறுகும் சுண்ணாம்பு) ஒரு பங்கு, கூரான, பலவகைப் பருமனுள்ள மணல் இரண்டரைப் பங்கு. சட்டிக் கணக்கு வேண்டாம், மண்வெட்டிக் கணக்கு வேண்டவே வேண்டாம். அளவுப்பெட்டி வைத்து அளந்துகொள்ளுங்கள். மென்மையான, ஏற்கெனவே பொரிந்த கல்லுக்கு இதைவிட இளகிய சாந்து தேவைப்படும். அதைத் தீர்மானிக்கப் பழைய சாந்தில் ஒரு கைப்பிடியைச் சோதனைக்கு அனுப்புங்கள். அகன்ற இடைவெளிகளைச் சாந்தை மட்டும் கொண்டு நிரப்பாதீர்கள், சிறு கற்களைச் செருகுங்கள். பழைய கொத்தர்கள் செய்தது அதுதான். நகத்தால் அழுத்தினால் பதியாத பதம் வந்ததும் கெட்டித் தூரிகையால் குத்திவிடுங்கள், மேல்தோல் திறந்து மூச்சு விடும்.

பிறகு நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு வேலை கிடையாது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காக ஜனவரியில் சுண்ணாம்புப் பூச்சு வேலை வைக்கும் பழக்கத்தை இந்த மடலைப் படிக்கும் ஒவ்வொரு அதிகாரியும் நிறுத்த வேண்டும் என்று மனமாரக் கேட்கிறோம். பனியில் உறைந்த சாந்து வசந்தத்தில் பொடியாகக் கொட்டும். 'சுண்ணாம்பு நிற்காது, சிமெண்டே சரி' என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. வேலை ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடியவேண்டும். அதற்குப் பணத்தை ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி வாங்குங்கள். இது கொத்தனார் கையில் இல்லை, உங்கள் கையில்தான் இருக்கிறது.

கல் மாற்ற நேர்ந்தால் நிறம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. லின்லித்கோவுக்குத் தென்கிழக்கே இருக்கும் பின்னி குவாரியின் மணற்கல்லில் இயற்கையாகவே எண்ணெய் ஊறியிருக்கும். எடின்பரோவின் ஸ்காட் நினைவுச் சின்னம் அந்தக் கல்தான். அது அவ்வளவு கறுத்துப்போனதில் அந்த எண்ணெய்க்கும் பங்குண்டு. அதைக் கழுவினால் கல் கெடும் என்று சோதனையில் தெரிந்தபின் கழுவாமலே விட்டு, பழுதுக்கு அதே குவாரியின் கல்லைத் தேடி எடுத்தார்கள். உங்கள் கட்டடத்தின் கல்லையும் மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். துளையமைப்பு ஒத்துப்போகாத புதுக்கல் பக்கத்துப் பழைய கல்லைத் தின்றுவிடும். மணல் பீய்ச்சியோ அமிலத்தாலோ முகப்பை வெளுக்க வைக்கும் யோசனை வந்தால் அதை அன்றே மறுத்துவிடுங்கள்.

1930களின் கவுண்டி அலுவலகங்களுக்கு வேறு நோய். கல்லுறைக்குள் எஃகுச் சட்டம் இருக்கும் கட்டடங்களில் எஃகு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லை உள்ளிருந்தே நெம்பும். மூலைகளில் நேர்கோடாக விரிசல் தெரிந்தால் சாந்து பூசி மறைக்காதீர்கள். ஒரு கல்லைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

உட்புறத்தில் மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் உலர் அழுகல் எனப்படும் பூஞ்சை பிடிக்கும். அது சாந்து வழியாகச் சுவரையே கடந்து அடுத்த அறை மரத்துக்குப் போகக்கூடியது. மருந்தடிப்பது அப்புறம், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். ஜன்னல்களைப் பலகையால் அடைத்தால் காற்றுக்கு மேலும் கீழும் துளை வேண்டும். புகைபோக்கிகளை முழுவதுமாக மூடாமல் காற்றோட்ட மூடி போடுங்கள். நீதிமன்றத்தின் நீதிபதி மேடை, குற்றவாளிக் கூண்டு, சாட்சிப் பெட்டி, பொதுமக்கள் பெஞ்சு எல்லாமே பாதுகாப்புப் பட்டியலுக்குள் வருபவை. பட்டியலிட்ட கட்டடத்தில் பொதுவாக உள்ளும் வெளியும் ஒன்றாகவே காக்கப்படுகின்றன. 'உள்ளே ஒன்றுமில்லை' என்று கழற்றி அடுக்கி வைத்த மரவேலை ஓர் ஈரமான நிலவறையில் இரண்டு குளிர்காலம் கிடந்தாலே போய்விடும்.

தீயையும் சொல்லியாக வேண்டும். லின்லித்கோ அரண்மனை 1746இல் கம்பர்லாந்து பிரபுவின் படை தங்கிப் போனபோது எரிந்தது. நகர மன்றம் 1847இல். இன்றைய ஆபத்து பழுதுபார்ப்பு நாட்களில்தான் அதிகம். கூரையில் ஈயத்தை நெருப்பு வைத்து ஒட்டும் வேலையை ஒப்பந்தத்திலேயே தடைசெய்யுங்கள். தட்டி வளைத்தே மூலைகளைச் செய்யலாம், கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெர்விக்‌ஷயரின் கிரீன்லாவை நினைத்துப் பாருங்கள். 1831இல் தூண் முகப்போடு கவுண்டி மண்டபம் கட்டிய ஊர் அது. தேவாலயமும் நீதிமன்றமும் இருபுறம் நிற்க, நடுவில் இருந்த சிறைக் கோபுரத்தை 'நரகக் குழி' என்று ஊர்மக்கள் பாட்டுக் கட்டினார்கள். 1903இல் தலைநகர்ப் பட்டம் சட்டப்படி டன்ஸுக்குப் போனது. அந்தப் பெரிய மண்டபம் சிதைந்து, மீட்கப்பட இந்த நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. பட்டம் போனதற்கும் மீட்புக்கும் நடுவே அந்தக் கூரை ஒரு நூற்றாண்டு மழையைத் தாங்கியது.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று தாள்களை மேசையில் வையுங்கள். ஒன்று, அது யாரிடமிருந்து எப்படி வந்தது என்ற உரிமைக் குறிப்பு. இரண்டாவது, எல்லா வாய்க்கால்களும் இறங்குகுழாய்களும் எண்ணிட்டுக் குறித்த கூரைப் படம். மூன்றாவது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய முழு ஆய்வு கடைசியாக எப்போது நடந்தது என்ற தேதி. கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, பலத்த மழை பெய்த மறுநாள் காலை உள்ளே போய்ப் பார்ப்பவர் யார் என்பதை அந்த மூன்றாம் தாளின் அடியில் பெயரோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களின் கல், சுண்ணாம்பு, கூரை, ஆவணப் பணிகளில் இருப்போர்